மீசாலையில் அம்மாவின் சீதன வீட்டைத் தேடி

போர் முடிந்த அடுத்த வருடக் கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் ரொறன்ரோவிலிருந்து மீசாலைக்குப் போனோம். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் எல்லோரிடமும் சேலை எடுக்க இந்தியாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். இவ்வளவு கெதியில் இலங்கைக்குப் போனது தெரிந்தால் சனம் கதைக்கும் என்பது அம்மாவின் பயம். அதனால் அவர் படுத்த பிறகு, பெயர் போடாமல் எழுதுகிறேன். இப்படிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

என் பயம் வேறு. "வீடு நிண்டால் அங்கையே போய் இருப்பம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். மூன்று வயதில் இங்கே வந்தவள் நான். சூட்கேஸ் அடுக்கும்போது, அந்த வீடு இடிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியதும் பயமாகத்தான் இருந்தது.

கொழும்பில் வான் பிடித்தோம். டீசலோடு நாளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபா. விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பாஸ்போர்ட்டைப் பதிய வேண்டும். வரிசையில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் அம்மா சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தார்.

அம்மாவுடையது நாற்சார் வீடு. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பெரிய வீடு. ஒழுங்கை என்கிற அந்தச் சின்னத் தெருவுக்குள் போனால் மதில்களும் இல்லை, வாசல் படலைகளும் இல்லை. கூரையில்லாத ஒரு வீட்டைக் கண்டதும் அம்மா உள்ளே ஓடினார். தான் படித்த அறையைக் காட்டினார். சுவரைத் தடவித் தடவி அழுதார், கற்பூரம் கொளுத்தினார். வான் ஓட்டி வந்த ரவி அண்ணையும் கண்ணைத் துடைத்தார். நான் மட்டும் அழவில்லை. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது.

அப்போது ஒருவர் சைக்கிளில் வந்து கால் ஊன்றி நின்றார். கற்பூரத்தைப் பார்த்தார்.

"அக்கா, இது எங்கட வீடெல்லோ. நீங்கள் ஆற்றை மகள்?"

அம்மா தாத்தாவின் பெயரைச் சொன்னார்.

"உங்கட வீடு பின் ஒழுங்கையிலை. இஞ்சையே எல்லாத்தையும் அழுது முடிக்காதேங்கோ, அங்கையும் கொஞ்சம் வேணும்."

அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பின் ஒழுங்கையில் வீடு நின்றது. கூரையோடு. நடுமுற்றத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். சைக்கிள்காரர் எங்களை யாரென்று சொன்னதும் அந்தப் பெண் கொடியிலிருந்து உடுப்புகளை எடுக்கத் தொடங்கினார். ஈர உடுப்புகள்.

"எப்ப விடவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா."

அம்மா எல்லா அறைக்குள்ளும் போய் வந்தார். அந்தப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே போனார்கள். பிறகு என்னிடம் வந்தார். எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான் போகும்.

"எனக்குச் சீதனமாத் தந்தது. எனக்குப் பிறகு உனக்கு. நீ சொல்லு."

"வேண்டாம் அம்மா. வீட்டை போவம்."

எந்த வீடு என்று அம்மா கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த சட்டையை வாங்கித் திரும்பக் கொடியில் போட்டார்.

"இருங்கோ. நாங்கள் சும்மா பாக்கத்தான் வந்தனாங்கள்."

போகிறவர்கள் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டுபோங்கள். தண்ணீர்ப் போத்தல்களை வவுனியாவிலேயே வாங்குங்கள். முக்கியமாக, கற்பூரம் கொளுத்துவதற்கு முன் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் அன்ரிமார் சேலைகளைக் காட்டச் சொன்னார்கள். அம்மா இங்கே ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்துப் பிளாசாவில் அவசரமாக இரண்டு வாங்கி, விலைத்துண்டைக் கிழித்துவிட்டுக் காட்டினார். அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் நேற்று என் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றார் சந்திப்புக்கு வந்தார்.