ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு பேர்லின் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. நொய்கெல்ன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், "சுண்ணாம்புத் தண்ணி" என்பார். உடனே ஊர்க் கிணறு பேச்சில் வரும். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் சின்னத் தீவுதான் அவருடைய ஊர். சுற்றிலும் உப்பாக இருக்க, எங்கள் வளவுக் காணியில் இருந்த கிணறு மட்டும் இனிக்குமாம். உணவகத்தில் கோப்பை கழுவியே இடுப்பு விட்டுப்போன மனிதர், அந்தக் கிணற்றடியில் வீடு கட்டிக் குடிபோகும் நாளுக்காகத்தான் உயிரை வைத்திருந்தார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வளவைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, தொலைபேசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடல் ஏறிக்கொண்டு வருகிறது, மழை காலம் தப்பிப் பெய்கிறது, கிணறு உவராகிவிட்டது, இங்கே வீடு கட்டாதே என்றாராம். இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. அன்று எனக்குக் கேட்டது அப்பாவின் பக்கம் மட்டும்தான்.

"வளவை நீங்கள் வைச்சிருக்கிறதுக்காக என்னைப் பேய்க்காட்டாதேங்கோ அக்கா. ஒரு போத்தில் தண்ணி அனுப்புங்கோ. நான் குடிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

விடுமுறைக்கு ஊர் போய்வந்த மேல்வீட்டு அக்கா ஒரு பின்னேரம் அந்தப் போத்தலை என் கையில் தந்தார். அப்பா வேலையில், அம்மா குளியலறையில். அவ்வளவு புகழ் கேட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? திறந்து ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது.

விமானத்தில் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பால் பழுதாவதில்லையா? இத்தனை நாள் காத்திருந்த அப்பா இதைக் குடித்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. அப்பா மேல் எனக்கு அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தை நினைத்தால் இன்று எனக்குப் பயமாக இருக்கிறது. போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, பைப் தண்ணீரை நிரப்பி, மேசையில் வைத்தேன்.

அப்பா வேலையால் வந்து, முகம் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"இதெல்லோ தண்ணி! இந்த ருசி இந்த நாட்டில வருமோ?"

அம்மாவுக்கும் ஒரு வாய் கொடுத்தார். எதற்கும் "ஓம்" சொல்லிப் பழகிய அம்மா இதற்கும் ஓம் என்றார். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வேறு. அப்பா அந்தக் கையோடு மாமியை அழைத்து, பொய்க்காரி என்று ஏசினார். அதற்குப் பிறகு இருவரும் பேசவே இல்லை. மாமி இப்போது உயிரோடு இல்லை.

அப்பா வங்கியில் கடன் எடுத்து வீட்டைக் கட்டினார், கிணற்றையும் ஆழமாக்கினார். இன்று அம்மாவோடு அங்கேதான் இருக்கிறார். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் தண்ணீர் வரவேண்டும். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மாரியில் கடல் வேலிவரை வந்து போகிறது. அயலில் பாதிப் பேர் போய்விட்டார்கள், வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பென்ஷனில் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை தொலைபேசியில் சொன்னார். "நான் ஆழமாக் கிண்டினதாலதான், பிள்ளை, கிணறு கெட்டது. என்ர பிழைதான். அண்டைக்கு அது நல்ல தண்ணி. நீயும் குடிச்சனீதானே?"

"ஓம் அப்பா" என்றேன்.

பழுதான தண்ணீரை மாற்றிவைத்ததாகத்தான் அன்று நினைத்தேன். மாமி தம்பிக்கு அனுப்பியதே அந்த உப்பைத்தான் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.