தண்ணீர் ஊற்றிச் சோதித்த லொறி

என் மனைவியின் தம்பியிடம் ஒரு பழைய லொறி இருந்தது. புது வாகனம் இறக்குமதி செய்ய முடியாத எழுபதுகளில், அதைப் பரம்பரைச் சொத்துப்போல் பேசுவான். நாரந்தனையிலிருந்து புகையிலை ஏற்றி யாழ்ப்பாணம் போகும் அந்த லொறியில்தான் என் மகள் பள்ளிக்கூடம் போனாள். பஸ்ஸை நம்பினால் முதற்பாடம் போய்விடும். அவள் பெரிய சோதனை எழுத மூன்று மாதம் இருந்தது.

உப்புக்காற்று லொறியின், சாரதி இருக்கும் முன்கூட்டைத் தின்றிருந்தது. அவள் இருக்கும் இடப்பக்கத்தில் தரைத்தகடும் கதவுத்தூணும் சேரும் பொருத்து முழுக்கத் திறந்துவிட்டது. மழை பெய்தால் அவளுடைய புத்தகங்கள் நனைந்தன. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் பிரச்சினையாகத் தெரிந்தது.

மைத்துனன் ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வெல்டிங்காரரைக் கூட்டிவந்தான். வள்ளம் கட்டும் குடும்பத்தவர். வெல்டிங்குக்குக் காஸ் எடுக்கும் காபைட் கிடைக்கவில்லை என்று பொருத்தில் நாலே இடத்தில் பற்றவைத்தார். மீதி நீளத்துக்குப் பஞ்சைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசையில் தோய்த்து, உளி வைத்து அடித்து இறுக்கினார், வள்ளத்துப் பலகைகளுக்கு நடுவே அடைப்பதைப்போலவே. மேலே சாம்பல்நிறப் பெயின்ற். செத்த மாட்டுக்குச் சந்தனம் பூசிய அழகு.

"நாலு பற்று மட்டும் காணுமோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"மாஸ்டர், இந்தப் பஞ்சை நம்பித்தான் என்ர அப்பு கடல் முழுக்கத் திரிஞ்சவர்."

"அத்தான் படிச்ச ஆள், ஆயிரம் கேள்வி கேப்பார்," என்றான் மைத்துனன். "தண்ணியை ஊத்திப் பாப்பம்."

ஊற்றினார்கள், வாளி வாளியாக. அயலவரோடு சேர்த்து ஆறு பேர் குனிந்து அடியில் பார்த்தார்கள். ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆறு முகங்களிலும் புது வள்ளத்தைக் கடலில் இறக்கியவர்களின் பெருமிதம். லொறி மிதக்கப் போவதில்லை, அதன் தரை ஓர் ஆளைத் தாங்கவேண்டும் என்பது அந்த ஆறு தலைகளில் ஒன்றுக்கும் ஏறவில்லை. பௌதிகம் படிப்பிக்கும் ஏழாவது தலைக்கும் ஏறவில்லை. மூன்றாவது வாளியை ஊற்றியவன் நான்.

இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பண்ணைப் பாலத்துத் தெருவில் லொறி ஒரு குழியில் விழுந்தெழும்பியது. நாலு பற்றும் தெறித்தன. பஞ்சு நாடாவாக உரிந்தது. மகளின் காலடித் தகடு கீழே தொங்கியது. அந்தத் திறப்புக்குள் அவள் தொடைவரை இறங்கிவிட்டாள். மைத்துனன் ஒரு கையால் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினான். லொறி நிற்குமுன் பின்சில்லு அவளுடைய செருப்பின்மேல் ஏறிப்போய்விட்டது. செருப்புக்குள் கால் இருக்கவில்லை. அதை இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் மைத்துனன் எங்கள் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தான்.

"ஆனா அத்தான், ஒரு துளி தண்ணி உள்ளுக்கு வரேல்லை, கண்டியளோ."

காலில் கட்டோடு படுத்திருந்த மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: "மாமா, அடுத்தமுறை துடுப்பும் வாங்கி வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

கால் ஆறியபின் அவள் பஸ்ஸில் போனாள். முதற்பாடங்கள் போயின, போகட்டும் என்று விட்டேன். இப்போது அவள் கலியாணம் முடித்துவிட்டாள். என்றாலும் எந்த வாகனத்தில் அவள் ஏறுவதென்றாலும், நான் முதலில் குனிந்து அதன் தரையைக் கையால் குத்திப் பார்க்கிறேன். சாரதிகள் சிரிக்கிறார்கள். கை நோகும்வரை குத்துகிறேன்.