சித்தப்பாவின் வெள்ளைக்காரன்

இப்போது வருகிற நாவல்களில் வெள்ளைக்காரத் துரை தலைகாட்டினால் போதும், எனக்கு என் சித்தப்பாவின் துரைதான் நினைவுக்கு வருவார். நாட்டைப் பற்றி எழுதுவது லேசான காரியமில்லை. எந்த நாடு என்று முதலில் தெரிய வேண்டுமே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தன் தம்பிக்காகவே யாரோ அதைக் கண்டுபிடித்ததுபோல அப்பா சொல்வார். சித்தப்பாவுக்குத் தக்கலையில் குமாஸ்தா வேலை. ஊர் தன்னை ஒரு தடவையாவது எழுத்தாளன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தன் கல்யாணத்துக்குக்கூட அவர் அத்தனை ஆசைப்பட்டிருக்க மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு அவரை நாடகம் எழுதச் சொன்னார்கள். படிப்பகம் என்றால் எங்கள் பக்கத்தில் பேப்பர் வாசிக்கிற இடம் மட்டுமல்ல. ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி வைப்பதும், விழாவுக்கு நாடகம் போடுவதும், மற்ற நாளெல்லாம் சண்டை போடுவதும் அங்கேதான். சித்தப்பா மீசையைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் எழுதினார். வெள்ளைக்காரக் கலெக்டர் வருகிறான், வரி கேட்கிறான், ஏழை விவசாயியைச் சாட்டையால் அடிக்கிறான். கடைசியில் ஊரே திரண்டு அவனை விரட்டுகிறது. அப்போது நாடகம் பார்க்கிற ஜனமும் எழுந்து கூடவே கூச்சல் போட வேண்டும். அந்தக் கூச்சலில்தான் சித்தப்பாவின் உயிர் இருந்தது.

துரையாக நடித்தவர் கல்ஃபிலிருந்து திரும்பித் துணிக்கடை போட்டிருந்த ஒரு மாமா. நல்ல சிவப்பு, சொந்தமாகக் கோட்டும் இருந்தது. வேறென்ன தகுதி வேண்டும்?

விழா அன்று சாயங்காலம் துரை மேடையில் வந்து நின்றார். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவரான என் அத்தைதான் முதலில் எழுந்தார்.

அவர்கள் பேரில் குற்றமில்லை. எங்கள் ஊர் ராஜா ஆண்ட சீமை. இங்கே வெள்ளைக்காரக் கலெக்டர் இருந்ததே இல்லை; அவனைச் சித்தப்பா புத்தகத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருந்தார். ஊர் கண்ட வெள்ளைக்காரர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் துரை ஒருவர்தான். ஒருத்தி தன் பேரனை மேடை ஓரத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துணிக்கடை மாமா என்ன செய்வார், பாவம். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் விவசாயியை அடிக்கப் போனார். கடைசிக் காட்சியில் கூச்சல் எழவில்லை. "போயிட்டு வாரும் துரையே" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. சபை சிரித்தது.

வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஆறிக்கொண்டிருக்க, சித்தப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"லேய் மக்கா, நம்ம பாட்டிக்கப் பாட்டி ரவுக்க போட்டதுக்கு அடிச்சது ஆருக்க ஆளுவ? ராஜாவுக்க ஆளுவதானே? அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டது ஆரு?"

தன்னை வளர்த்த அக்காவை எதிர்த்துச் சித்தப்பா பேசி அன்றுதான் கேட்டேன். "அந்த ராஜாவுக்கு முட்டுக் குடுத்தது ஆரு அக்கா? கப்பம் வாங்கித் தின்னது ஆரு? அதும் வெள்ளக்காரன்தானே."

அப்படியானால் துரை நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்டேன். அத்தை என் தட்டில் ஒரு துண்டு மீன் வைத்தார். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் எங்கள் வீட்டில் மீன்தான்.

சித்தப்பா நாடகத்தைப் புதிதாக எழுதினார். கோயில்காரர்களுக்கும் பிடிக்காது, சர்ச்காரர்களுக்கும் பிடிக்காது என்று படிப்பகத்தில் பிற்பாடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும், அவரிடம்தான் அதை வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை ராஜாவின் ஆட்கள் ஒருத்தியை அடிக்கிறார்கள். டாக்டர் துரை அவள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அந்திக்கு அதே டாக்டர் ஒரு பங்களாவுக்குப் போகிறார். அங்கே, கப்பத்துக்காக ராஜாவை மிரட்டிவிட்டு வந்த இன்னொரு துரை இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தபடி தங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சித்தப்பா நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். நல்லாயிருக்கு என்ற ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்.

"சாயாவக் கொண்டு வச்சது ஆரு?" என்று கேட்டார் அத்தை.

சித்தப்பா தாளைப் புரட்டினார். "ஆராவது கொண்டு வச்சிருப்பாவ அக்கா."

"ஆராவதா? பங்களாவில சாயா தானா நடந்து வராதுலே. நம்ம அம்மை கொண்டு வச்சிருக்கா. நீ அப்ப கைக்குழந்த. பாலுக்கு நீ அழுவ, ஒன்னத் தூக்கிட்டு நான் பொறத்த நிப்பேன். அவிய குடிச்சு முடியணும், பொறவுதான் அம்மை வெளிய வருவா."

எனக்குச் சிரிப்பாக வந்தது. ராஜா, துரைகள், சாட்டை, மருந்து என்று இவ்வளவு பெரிய கதை இருக்க, அத்தை போயும் போயும் சாயாவைப் பிடித்துக்கொண்டாரே. சித்தப்பாவும் அதற்குப் போய்த் தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாரே.