எலிவேஷனுக்குப் பின்னால்

எந்தக் கட்டடத்தையும் ரோட்டில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவேன். பொய். நான் ஜேசிபி ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி. இடித்தால்தான் எனக்கு வயது தெரியும். புதுசு பொலபொலவென்று விழும், பழசு வண்டியையே உலுக்கும்.

காலை ஆறு மணிக்கு விராலிமலையில் பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமம். வழியில் மயில்கூட நடந்தே என்னை முந்தியது.

ரோடு அகலப்படுத்தும் வேலை. இடிக்கவேண்டிய வீட்டின் முகப்பில் பளபள டைல்ஸ், சிமென்ட் தாமரை, ஸ்டீல் கைப்பிடி.

"அஞ்சு வருசத்துக்கு மேல தேறாதுண்ணே. அரை மணி நேர வேலை" என்றேன் காண்ட்ராக்டரிடம்.

வாசலில் நின்ற அந்த வீட்டு மேரி அக்கா சிரிக்கவில்லை. "பழைய கட்டடமான்னு பாக்க வந்த ரோட்டு ஆபீஸ் சாரும் இதத்தான் சொன்னாரு. எறங்கவே இல்ல, கார்லேர்ந்தே பாத்தாரு. நீங்களாச்சும் உள்ள வாங்க தம்பி."

போனேன். முழங்கை நீளக் கனத்தில் சுவர். வெளியே வெயில் கொளுத்தியது. சுண்ணாம்புப் பூச்சில் கன்னத்தை வைத்தால் சில்லென்றது. தூணைக் கட்டிப்பிடித்தேன், கைகள் சேரவில்லை.

"எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் கட்டுனது. வீடு புதுசாத் தெரியணும்னு குவைத்துலேர்ந்து பணம் அனுப்பி முகப்புக்கு இந்த எலிவேஷன் வைக்கச் சொன்னாரு. பாக்க வரேன்னாரு. பெட்டியிலதான் வந்தாரு."

தூணிலிருந்து கையை எடுத்தேன்.

"பழசுன்னு ஒத்துக்கிட்டா ரோட்டை அங்கிட்டு ஒதுக்கிருவாங்களாம். ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி."

"நான் சொன்னா என் வண்டியே நம்பாதுக்கா."

ஆனாலும் வண்டியில் ஏறி, மண்ணள்ளும் பக்கெட்டின் நுனியால் முகப்பு டைல்ஸில் நாலைப் பெயர்த்தேன். உள்ளிருந்து பழைய வளைவு ஒன்று சுண்ணாம்புப் பூவேலையோடு எட்டிப் பார்த்தது. காண்ட்ராக்டர் கிட்டே வந்து பார்த்தார். படமெடுத்து சாருக்கு அனுப்பினார்.

பதில் வரும்வரை வண்டி நிழலில் உட்கார்ந்து, இதையெல்லாம் செல்போனில் பேசிப் பதிந்துகொண்டிருக்கிறேன். எழுதினால் எனக்கே படிக்க வராது. விராலிமலை டீயைப் பற்றிச் சொன்னதும், "அதெல்லாம் ஒரு டீயா? இருங்க" என்று அக்கா காப்பி போடப் போயிருக்கிறார். அந்த வளைவுக்கு மேலே இன்னும் ஏதோ தெரிகிறது, பறவை மாதிரி. இன்னும் ரெண்டு டைல்ஸை எடுத்தால்...

"டேய் முத்து! சார் பேசிட்டாரு. ரோட்டுல நின்னு பாத்தா புதுசுதானாம். வண்டிய எடுடா!"

"அண்ணே... அக்கா உள்ள இருக்காங்கண்ணே."