கோட்டுக்கு இந்தப் பக்கம்

"கை சுளுக்கிக்கிச்சும்மா, அடுத்த மாசம் வாங்களேன்" என்று கர்ட்டன் அக்கா மூன்றாவது ஆளையும் திருப்பி அனுப்புகிறார். சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கணக்கு வருடம் முடியப் பதினெட்டு நாள் இருக்கிறது, அவ்வளவுதான். வருடக் கடைசியில் தவறாமல் வரும் வியாதி இது. போன வருடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். மாமியார் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

வருட விற்பனை அரசாங்கம் கிழித்த கோட்டைத் தாண்டினால், கடையைப் பதிவு செய்து நூற்றுக்குப் பதினைந்து வரி சேர்த்து விற்க வேண்டும். திரை தைக்க வருகிறவர்கள் குடும்பக்காரர்கள். கட்டின வரியை அவர்களுக்கு யார் திருப்பித் தருவார்கள்? வரியில்லாமல் தைக்கும் அடுத்த தெருக்காரியிடம் போய்விடுவார்கள். எதிர்க்கடை சோபாக்காரர் அப்படித்தான் தாண்டினார். விலையில் வரியைச் சேர்த்தார், ஆள் வரவில்லை. கைக்காசில் கட்டிப் பார்த்தார், லாபமே அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஏழாவது மாதம் ஷட்டரை இறக்கினார்.

துணியை விரிக்கும்போதே அவர் உதடு முணுமுணுக்கும். ஜபம் என்று நினைப்பவர்கள் உண்டு. வருட மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

திரைக்கம்பி மாட்டும் கணவருக்கு இது வேடிக்கை. "வியாபாரம் வரலன்னு அழறவங்களப் பார்த்திருக்கேன். வந்துடுமோன்னு அழறவ இவ ஒருத்திதான்."

"சிரிங்க, சிரிங்க. சோபாக்காரரும் சிரிச்சவர்தான்."

இன்று ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்தார். நாற்பது அறை, எண்பது ஜன்னல். "வரி போட்டே பில் குடுங்க. நாங்க கட்டற வரியில அதக் கழிச்சுக்குவோம்" என்றார். அக்கா சுளுக்கைச் சொன்னார். "பரவாயில்ல, புது வருஷத்துல தைங்க. காத்திருக்கோம்."

அக்காவின் உதடு முணுமுணுத்தது. இந்த ஒரு வேலையே புது வருடத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். லாட்ஜ்காரர் பத்து வருடத்துக்கு ஒருமுறை திரை மாற்றுவார். வரி மாதாமாதம் வரும். வீட்டுக்காரர்கள் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

கணவர் காதோரம் வந்தார். "இப்படி ஒரு வேலை இனிமே வருமா? நீ விட்டா அடுத்த தெருக்காரி அள்ளிக்கிட்டுப் போவா."

"அவளும் நம்மள மாதிரிதானே? கோட்டுக்கு இந்தப் பக்கம்?"

"ஆமா. ஏன் கேக்கற?"

"அப்ப அவளே தாண்டட்டும்." அக்கா தன் கடை அட்டை ஒன்றைத் திருப்பி, அடுத்த தெருக்காரியின் போன் நம்பரை எழுதினார். அவசரத்தில் ஒரு எண் சரியாக விழவில்லை. அதை அடித்துவிட்டுத் திருத்தமாக எழுதி, மேனேஜரையே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.