பென்ட்ரைவில் இருந்தவள்

ஞானேஸ்வரிக்கு எரிச்சல் ஊரில் வேறு யார் மேலும் இல்லை, தன் பழைய குரலின் மேல்தான்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகர முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடமாகக் கோயிலில் தேவாரம் பாடியவள் அவள். நிமோனியா வந்து, தொண்டைக்குள் குழாயோடு பன்னிரண்டு நாள் கிடந்து எழும்பியபோது குரல்நாணில் தழும்பு விழுந்திருந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. கோயிலில் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் துஷாரா, அவள் முன்பு பாடியதைப் பென்ட்ரைவில் ஏற்றி வெள்ளிதோறும் போட்டாள். மூன்று வருடம் சனம் கண்ணை மூடிக் கேட்டது.

பிறகு டாக்டர் அவளுடைய வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து, தழும்பேறிய குரல்நாணுக்குள் ஊசியால் ஏற்றினார். மாதக்கணக்கில் பயிற்சி செய்து குரலை மீட்டாள். அது தடித்துக் கொஞ்சம் கரகரத்தது.

முதல் வெள்ளி பாடி முடித்ததும் துஷாரா பக்கத்தில் வந்தாள்.

"நல்லாய்த்தான் இருந்தது அக்கா. அடுத்த கிழமை நீங்கள் ஆறுதலா இருங்கோ, நான் பழையதைப் போடுறன். சனம் கேக்குது."

ஞானேஸ்வரி சிரித்து வைத்தாள். பென்ட்ரைவில் இருக்கும் அந்தப் பழையவளை நினைக்க உள்ளே பற்றி எரிந்தது. குழாயும் அறியாதவள், ஊசியும் அறியாதவள், நோகாமல் வந்து தன் இடத்தில் குந்தியிருக்கிறாளே. வீட்டுக்குப் போகும்போது பென்ட்ரைவ் ஞானேஸ்வரியின் கைப்பைக்குள் இருந்தது.

அடுத்த வெள்ளி துஷாரா மேசை லாச்சியெல்லாம் இழுத்துத் தேடினாள்.

"அக்கா, பென்ட்ரைவைக் கண்டனீங்களே?"

ஞானேஸ்வரி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவ இனி வரமாட்டா," என்றாள்.