புறா பறக்காத கிணறு

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனது. பேனாவை எடுப்பேன்... சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று மூடி வைத்துவிடுவேன். போன வாரம் கோயில் பிராகாரத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னிடமே சொன்னார்: "அடி அண்ணாமலையில ஒரு சித்தர் இருந்தாராம். கிணத்துக்குள்ள எமனைப் பார்த்து, போடான்னு அதட்டினாராம்!"

அந்தச் 'சித்தர்' என் கொழுந்தன் சேகர். எமனை எல்லாம் அதட்டவில்லை. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

எழுபதுகளின் கடைசி அது. சேகருக்கு முப்பது வயது. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். தினமும் அதே தட்டு, அதே தயிர்சாதம். ஒரு டாக்டர் இதற்கு 'ஆட்டிசம்' என்று பேர் சொன்னது ரொம்பப் பின்னால்தான். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான் — நாம் பயப்படுவதற்கு அவர் பயப்பட மாட்டார். நாம் பயப்படாததற்குப் பயப்படுவார். சுடுகாட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். "செத்தவங்க இன்னா செய்வாங்க அண்ணி?" என்பார். படியில் ஆள் தொங்கும் பஸ்ஸில் மட்டும் ஏறவே மாட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறார்!

அந்தக் கோடையில் எங்கள் நிலத்துக் கிணறு ஒரு மாசமாக, புறா போகிற சந்து மட்டும் விட்டு ஓலை போட்டு மூடிக் கிடந்தது. உள்ளே இருந்த மோட்டார் ரிப்பேர். வேர்க்கடலைப் பயிர் வாடுகிறது. என் வீட்டுக்காரர் தானே இறங்கிப் பார்ப்பதென்று முடிவு. வழக்கப்படி சாமி முன்னால் பூ கேட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் இறங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நான்தான் எடுத்தேன். வெள்ளை!

கிணற்றடியில் ஓலையை விலக்கியதும் சேகர் ஒரு கல்லை உள்ளே போட்டார். காது கொடுத்துக் கேட்டார்.

"புறா பறக்கல," என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கல் விழுந்தால் பொந்துகளிலிருந்து புறாக்கள் படபடவென்று எழும்புமே? ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. பட்டப்பகல்... கிணறு மட்டும் வாயைத் திறந்துகொண்டு எதற்கோ காத்திருப்பது போல் இருந்தது.

வாளியில் அகல் விளக்கை வைத்து இறக்கினார் சேகர். பாதிக் கிணற்றில் யாரோ இரண்டு விரலால் நசுக்கியது போல் சுடர் அணைந்தது. காற்றே இல்லை. மறுபடி ஏற்றி இறக்கினார். அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடம்.

"இறங்கக் கூடாது அண்ணா."

"டேய், போன வருஷம் எத்தினி வாட்டி இறங்கினேன்? இன்னா ஆச்சு?"

"போன வருஷம் விளக்கு அணையல."

"சாமியே உத்தரவு குடுத்துட்டாருடா. உனக்குப் பயம் ஜாஸ்தி. போய் அண்ணி முந்தானையைப் பிடிச்சுக்க!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"பூ மூச்சு விடாது. நீ விடணும்."

சொல்லிவிட்டு, அண்ணன் இறங்க வைத்திருந்த கயிற்றைச் சுருட்டி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் இழுத்தும் நகரவில்லை. நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூவை எடுத்தது என் கை... "இன்னிக்கு வேணாங்க," என்றேன். திட்டிக்கொண்டே திரும்பினார் என் வீட்டுக்காரர்.

உள்ளே தேங்கிய கெட்ட காற்று வெளியேற மூன்று நாள் கிணற்றைத் திறந்து போட்டு, வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டினோம். நாலாம் நாள் விளக்கு அடிவரை போய் எரிந்தது. பிறகே என் வீட்டுக்காரர் இறங்கினார். பொந்துகளில் புறாக்கள் உட்கார்ந்த வாக்கிலேயே செத்திருந்தன. ஒரு இறகுகூடக் கலையவில்லை. மேலே வந்தவர் இதை முதலில் சேகரிடம்தான் சொன்னார்.

சேதி பரவியது. வாய் திறக்காதவரைக் கண்டால் சித்தர் என்று கும்பிடுகிற ஊராயிற்றே! எலுமிச்சம்பழத்தோடு வாசலில் ஆட்கள். ஒரு அம்மா காலில் விழுந்தார். "சாமி, என் பையனுக்கு ஆபரேஷன் பண்ணலாமா?"

சேகர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைக் கேளுங்க. இது வரைக்கும் எவ்ளோ பேர் பிழைச்சாங்கன்னு கேளுங்க." பழத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் இன்றும் பூ கேட்கிறேன். அண்ணாமலையார் மேல் வைத்த நம்பிக்கை துளியும் கம்மியாகவில்லை. அன்று விளக்கை அணைத்தவரும் அவர்தானே?

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். முக்கியமாக, அந்த அம்மாவிடம் 'தெரியாது' என்றாரே, அதை விட்டுவிடாதீர்கள் — காலில் விழுந்தவரிடம் அதைச் சொல்ல எத்தனை சாமியார்களுக்குத் தைரியம் உண்டு?